உப்புப் புள்ளிகள்

எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட்டுக்குப் படம் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் முகத்தை நான் பார்த்திருக்க வாய்ப்புண்டு. நெகட்டிவில் பார்த்திருப்பேன். கறுப்புப் பல்லும் வெள்ளை முடியுமாக இருந்திருப்பீர்கள். உங்கள் கன்னத்துப் பருவை எடுத்தது என் அப்பா. அம்மைத் தழும்பை நிரவியதும் அவர்தான். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார். கேட்காமலே செய்வார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "நல்லா விழுந்திருக்கு" என்று நீங்கள் சொன்னால் போதும். அன்று இரவு சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும்.

எங்கள் ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில் இருந்தது. முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே, முன்பு குளியலறையாக இருந்த இடம் இருட்டறை. வீட்டுக்குள் நுழைகிற யாருக்கும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை முதலில் வரும், பிறகுதான் குழம்பு வாசனை. என் பள்ளிக்கூடப் பையிலும் அந்த வாடை இருந்ததாகப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்வாள். எனக்குத் தெரிந்ததில்லை.

அப்பா டச்சிங் செய்வது சன்னலோரத்தில். சாய்வான சின்ன மேசை, நடுவில் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிவார். வெளுத்திருக்கும் இடத்தை ஊசி போலச் சீவிய பென்சிலால் நிரப்புவார். கறுத்திருக்கும் புள்ளியைச் சின்னக் கத்தியால் சுரண்டுவார். அதற்குக் கத்தி போடுவது என்று பெயர். பென்சில் தப்பினால் துடைத்துவிடலாம். கத்தி தப்பினால் போனதுதான். அப்பாவுக்குத் தப்பி நான் பார்த்ததில்லை.

எனக்குப் பதினோரு வயது. முந்தின வருஷம் வால்நட்சத்திரம் வந்து போயிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்ட வருஷம். உங்களுக்கு நினைவிருக்கும், கார்த்திகை முடிவதற்குள்ளேயே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம். வீட்டுக் கிணற்றில் இருந்தது உப்புத் தண்ணீர். அதில் படம் கழுவினால், காய்ந்த பிறகு நெகட்டிவ் முழுக்கப் புள்ளி புள்ளியாக உப்பு பூத்துவிடும். ஆகவே வாங்கி வைத்த நல்ல தண்ணீரில் பாதி இருட்டறைக்குப் போகும். "குடிக்கத் தண்ணியக் காணோம், இங்க படத்தக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காக" என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்வாள்.

இருட்டறை வேலை முழுவதும் அத்தையுடையது. அப்பாவுக்கு ஒரே தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். தாத்தாவும் பாட்டியும் சீக்கிரம் போய்விட்டதால் அவளை வளர்த்தது அப்பாதான். பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்ததும் அவர்தான். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு. அந்த வயதில் கல்யாணம் ஆகாமல் இருப்பது எங்கள் சாதிசனத்துக்குள் எவ்வளவு பெரிய பேச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐப்பசியில் விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை. முதல் மனைவி இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா முன்பே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார், அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"என்னய மன்னிச்சிருங்க. எனக்கு இதுல இஷ்டமில்ல. எங்கண்ணன் கேட்டிருந்தா அவுககிட்டயே சொல்லியிருப்பேன். நீங்க இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேண்டாம்."

வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். அப்பா தெருமுனை வரை அவர்களோடு போய்த் திரும்பினார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் வேலை நடக்க வேண்டுமே. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்பேன்.

"ஒங்கப்பாட்டச் சொல்லு, ஹைப்போ தீரப் போகுதுன்னு."

"ஒங்கத்தைட்டச் சொல்லு, நாளைக்கு வருதுன்னு."

இரண்டு பேருக்கும் இடையில் மூன்று முழத் தூரம்தான் இருக்கும். நான் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டேன், முறுக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவர்களும் நான் சொன்னதாகவே வைத்துக்கொள்வார்கள். முதலில் வேடிக்கையாக இருந்தது. மார்கழிக்குள் வேடிக்கை போய்விட்டது. அப்பா தனியாக இருக்கும்போது, "ஒங்கத்த சரியாச் சாப்பிடுதாளா?" என்று கேட்பார். அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

அத்தையின் கல்லூரித் தோழி ஒருவர் எம்.ரெட்டியபட்டியில் இருந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவர் அப்பாவுக்கு ஊரை ஒட்டிப் பருத்திக்காடு. தை மாதம் ஒரு சனிக்கிழமை டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்து, அத்தையோடு இருட்டறைக்குள் வெகுநேரம் இருந்தார். அதற்குப் பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"நாம டீச்சர் வீட்டுக்குப் போயி ராத்தங்கிட்டு வருவோம். வாரியா?"

"வாரேன்."

"அங்க நாம என்ன செய்யிறோம்னு அப்பாட்ட வாயத் தெறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். துணைக்கு நான் போவதால் அப்பாவும் தடை சொல்லவில்லை. அத்தையின் துணிப்பையில், பீரோவுக்கு மேலே வெகுநாளாகக் கிடந்த பழைய மடக்குக் காமிரா இருந்தது. திறந்தால் துருத்தி போல முன்னால் நீளும். ஒரு ரோலுக்கு எட்டே படம். விழுகிற நெகட்டிவ் பெரிது, உள்ளங்கையில் பாதி இருக்கும்.

விஷயம் இதுதான். மலைமேல் உள்ள ஒரு வானாய்வுக் கூடத்தில் இருட்டறை வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. விண்ணப்பத்தோடு தானே எடுத்துக் கழுவிப் போட்ட படம் ஒன்றையும் அனுப்ப வேண்டும். கல்யாணப் படம் அனுப்பினால் ஆயிரத்தில் ஒன்றாகப் போகும், வானத்தையே எடுத்து அனுப்பு என்று டீச்சர் யோசனை சொன்னார். வால்நட்சத்திரம் பார்ப்பதற்கென்று அவர் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தார்கள். வால்நட்சத்திரம் போன பிறகு அது பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது. ஹெட்மாஸ்டரிடம் கேட்டு டீச்சர் அதைக் கொண்டுவந்துவிட்டார்.

அது ஏதோ குளிர் நாட்டுக் கணக்கில் செய்த தொலைநோக்கி. நட்சத்திரம் நகர நகரக் கூடவே திரும்ப வேண்டுமானால், அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நாடுகளில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்குமாம். நம் பக்கத்திலோ கையை நீட்டி ஒரு முஷ்டி வைத்தால் அடிவானத்துக்கும் அதற்கும் நடுவே சரியாக அடங்கிவிடும். அவ்வளவு தாழ்வு. ஊருக்குள் எந்தக் கூரையும் அதை மறைத்துவிடும். கரிசல்காட்டில், கண்ணுக்கு எட்டுகிற வரை முழங்கால் உயரப் பருத்திச்செடிக்குமேல் எதுவும் இல்லாத இடத்தில் அது மங்கலாகத் தெரிந்தது. ஊர் ஆசாரி வேப்பங்கட்டையில் ஒரு சாய்ப்புப் பலகை செய்து கொடுத்திருந்தார். அதன்மேல் ஏற்றியதும் தொலைநோக்கியின் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே விட்டது.

தொலைநோக்கியின் முதுகில் காமிராவைக் கட்டினார்கள். கண் வைக்கிற குழாய்க்குள் சிலுவை போல இரண்டு முடி ஒட்ட வேண்டும். அத்தையின் முடி தடிமனாக இருந்தது, கயிறு மாதிரித் தெரிந்தது. என் நெற்றியோர முடி இரண்டைப் பிடுங்கினார்கள். அது சரியாக இருந்தது. டீச்சர் ஒரு நட்சத்திரத்தை அந்த முடிகள் வெட்டுகிற இடத்தில் நிறுத்தி, அது நழுவாதபடி பக்கத்துச் சக்கரத்தைத் துளித்துளியாகத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிஷம். அவ்வளவு நேரமும் காமிராவின் கண் திறந்திருக்கும்.

ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. ஓரியன் என்று டீச்சர் சொன்ன கூட்டம் ஒன்பது மணிக்கு உச்சிக்கு வந்தது. நடுவில் வரிசையாக மூன்று, அதற்குக் கீழே தொங்குகிற மாதிரி மங்கலாகச் சில. அந்த மங்கலில் ஒன்று நட்சத்திரமே இல்லை, நெபுலா என்றார் டீச்சர்.

"அப்படின்னா?"

"பொகை மாதிரி. வாயுவும் தூசியும். அதுக்குள்ள நட்சத்திரம் பெறந்துக்கிட்டு இருக்கு."

குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ ஊதிவிட்ட மாதிரி வெளிறிய ஒரு திட்டு. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது என்று நினைவு.

என் வேலை விசிறுவது. பனி இறங்கிக் காமிராக் கண்ணில் படியாமல் பனையோலை விசிறியால் மெதுவாக, காமிரா அசையாமல் விசிற வேண்டும். தூரத்தில் பஸ் வெளிச்சம் திரும்பினால், "மூடுடி" என்று டீச்சர் கத்துவார். அத்தை கறுப்பு அட்டையைக் காமிராவுக்கு முன்னால் பிடிப்பாள். பஸ் போன பிறகு எடுப்பாள். முதல் தடவை நான்கு படம் எடுத்தோம். ஒன்றில் பனி. ஒன்றில் என் கால் முக்காலியில் இடித்துவிட்டது. அந்த நெகட்டிவில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் கொக்கிப் புழு மாதிரி நெளிந்திருந்தது. மற்ற இரண்டும் டீச்சருக்குக் கண் கூசிப்போனதால் கோடு கோடாக இழுத்துவிட்டன. அத்தை என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை என் காலைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ளயே நில்லு" என்றாள்.

அடுத்த தடவை மாசி அமாவாசை. மறுபடி நான்கு படம். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் பந்தல்குடி போன நாளில் அத்தை அதைக் கழுவினாள். மூன்று உபயோகமில்லை. ஒன்றைச் சிவப்பு விளக்குக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். என்னைத் தூக்கிக் காட்டினாள். பதினோரு வயதுப் பெண்ணை யாரும் தூக்க மாட்டார்கள், அவள் தூக்கினாள்.

கண்ணாடி போலத் தெளிந்த பிலிம். அதில் குண்டூசி முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். நூறா, ஐந்நூறா, எண்ண முடியாது. வெறும் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் விழுந்திருந்தது. அந்த மூன்றுக்குக் கீழே, எள்ளளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. லென்ஸில் பார்த்தால் அது இரண்டு பக்கமும் இறக்கை விரித்திருந்தது.

"விழுந்திருச்சுடி" என்றாள் அத்தை. அவள் என்னை "டி" போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பெரிதாகப் போட நல்ல தாள் மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது. நெகட்டிவைப் பட்டர்பேப்பர் உறையில் போட்டு, மேலே "முக்கியம்" என்று எழுதி, இருட்டறை அலமாரியில் வைத்தாள். சின்னத் தாளில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. தாளை அப்பா கண்ணில் படாமல் காயப்போட இடமில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சர்டிபிகேட்டுகளில் கையெழுத்து வாங்க அத்தை காலை பஸ்ஸில் விருதுநகர் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், பள்ளிக்கூடம் போகவில்லை. ஸ்டுடியோவில் பெஞ்சில் படுத்திருந்தேன். அப்பா எதையோ தேடி இருட்டறைக்குள் போனவர் அந்த உறையோடு வந்தார்.

கல்யாண ஆல்பங்களில் அப்போது ஒரு டிரிக் படம் இருக்கும். கும்மிருட்டுக்குள்ளிருந்து மணமக்கள் முகம் மட்டும் எழுந்து வரும். உங்கள் ஆல்பத்திலும் இருக்கலாம். அதற்குக் கறையில்லாத கறுப்புப் பின்னணி வேண்டும்; நெகட்டிவில் அது தெளிந்த வெறும் பிலிமாக இருக்கும். அதை அத்தைதான் தயார் செய்வாள். இதுவும் அப்படி ஒன்று, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அடடா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இது என்ன படம்? ஒங்கத்த எடுத்ததா?"

"தெரியாதுப்பா."

"உப்பு பூத்துப்போச்சு போல. முக்கியம்னு எழுதியிருக்கா, பாவம்."

முதலில் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டார். புள்ளி போகவில்லை. காயவைத்தார். சன்னலோர மேசையில் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கி, கத்தியை எடுத்தார்.

மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். "இந்தா வாரேன், வாரேன்" என்றார். வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். நான் பெஞ்சில் படுத்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுரண்டிக்கொண்டிருப்பது என்னவென்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சத்தியம் பண்ணியிருந்தேன் என்பது ஒன்று. அப்பா கை வைத்த படம் கெட்டு நான் பார்த்ததில்லை. தூசியை மட்டும் எடுத்துவிட்டு நட்சத்திரத்தை விட்டுவிடுவார், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அதுவும் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்தப் படம் விண்ணப்பத்தோடு போய்ச் சேர்ந்தால் அத்தை மலைக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். இந்த மூன்றில் எது என் வாயைக் கட்டியது என்று இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் அவர் நிமிர்ந்தபோது பிலிம் பளிங்கு மாதிரி இருந்தது. புது உறையில் போட்டு, "முக்கியம்" என்று அவரே எழுதி, அத்தை உட்காரும் ஸ்டூலின்மேல் வைத்தார். அத்தை வந்து உள்ளே போனதும், இவர் வெளியே ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

அத்தை நெகட்டிவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே."

ஐப்பசிக்குப் பிறகு அவரை அவள் நேராகக் கூப்பிட்டது அப்போதுதான். அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. நான் பார்த்தேன். இந்தக் கதையில் என்னால் இன்றும் தாங்க முடியாத இடம் அதுதான்.

"இதுல இருந்த புள்ளியெல்லாம் எங்கண்ணே?"

"எடுத்துட்டேந்தா. நல்லாப் பிடிச்சிருந்துச்சு. மத்தியானத்துலருந்து ஒக்காந்து ஒண்ணுவிடாம..."

"அது உப்பு இல்லண்ணே."

"பெறகு?"

"நச்சத்திரம்."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தார். பார்க்க அதில் ஒன்றுமில்லை.

"நடுவுல ஒரு கறை இருந்துச்சே. வெரல் பட்ட மாதிரி. அதுதான் லேசுல போகல."

"அதுக்குத்தாண்ணே படமே எடுத்தது."

அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள். அத்தை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே? இவ வீட்லதான இருந்தா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"கேக்கத் தோணலத்தா" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு என்னைக்குத் தோணியிருக்கு."

வாழ்நாளில் கேட்காமலே எல்லாம் செய்தவர், அன்று ஒரு நாள் கேட்டார். கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். அதையும் அவர் தன் பழைய குற்றத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டார்.

அத்தை இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டறைக் கதவை யாரும் தட்டாமல் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா கொஞ்ச நேரம் அதன்முன் நின்றார். பிறகு தட்டினார். கதவு திறக்கவில்லை. அவர் கதவிடமே பேசினார்.

"எங்கத்தா எடுத்தது?"

"ரெட்டியபட்டில. டீச்சர் காட்டுல."

"எதுக்கு?"

உள்ளிருந்து அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். விளம்பரம், மலை, வேலை, கடைசித் தேதி. ஐந்து மாதத்துப் பேச்சையும் அந்தக் கதவு வழியாகவே பேசி முடித்தார்கள். அப்பா நடுவில் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "இன்னொருக்கா எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"நெலாத் தேயணும்ணே. அதுக்குள்ள அது மேக்க எறங்கிரும். இருந்தாலும் முடியும்."

"நானும் வாரேன். வரலாமா?"

"வாங்க" என்றாள்.

பங்குனி அமாவாசைக்கு முதல் நாள். அன்று பாலவனத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு பேசியிருந்தது. அதை அப்பா வேறொரு ஸ்டுடியோக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். பேசிய வேலை ஒன்றை அவர் கைவிட்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நாலு பேரும் பருத்திக்காட்டில் நின்றோம். செடியெல்லாம் காய்ந்து குச்சியாக இருந்தது, மண்ணிலிருந்து சூடு ஏறியது. ஓரியன் மேற்கே சாய்ந்திருந்தது. வானத்தில் புழுதி.

டீச்சர் அவரைக் குழாயில் பார்க்கச் சொன்னார். அப்பா லென்ஸ் வைத்துப் பழகியவர், கண்ணை வைத்த உடனே சிமிட்டாமல் நின்றார். பின்னால் நகர்ந்து, வேட்டி நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "இத நானு கையால சொரண்டியிருக்கேன்" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

பிறகு வேலையில் இறங்கினார். காமிராவின் முன்னால் கறுப்புத் தாளைக் குழல் போலச் சுற்றினால் பக்கத்து வெளிச்சம் விழாது என்றார். "சுத்தட்டுமாத்தா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றினார். முக்காலியின் ஒரு கால் பொதபொத மண்ணில் இருந்தது. "ஒரு கல்ல வைக்கட்டுமா?" என்று கேட்டார். அன்று முழுவதும் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒரு கட்டத்தில் அத்தைக்கே பொறுக்கவில்லை. "செய்யிங்கண்ணே, எல்லாத்துக்குமா கேப்பாக" என்றாள்.

எட்டுப் படம். மூன்று தேறியது. அதில் ஒன்றுதான் சுமார். முதல் நெகட்டிவில் இருந்த பாதி நட்சத்திரம்கூட இல்லை. நெபுலாவின் இறக்கை மங்கிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அதைக் கழுவ அம்மா தானே இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து இருட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். படம் போட்டு முடித்ததும் ஓரத்தில் உண்மையாகவே ஒரு தூசி விழுந்திருந்தது. "அண்ணே, இது நெசமாவே தூசி. மை வச்சு அடச்சிருங்க" என்று அத்தை கொடுத்தாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே பாத்துக்க" என்றார். அந்தத் தூசியோடுதான் அது போனது.

வைகாசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா கூடப் போனார். சுரண்டிய நெகட்டிவையும் அத்தை பையில் எடுத்துப் போயிருந்தாள். அனுப்பிய படத்தைவிட நல்லது ஒன்று இருந்தது என்று நம்ப வைக்க அவளிடம் வேறு சாட்சி இல்லை. அதிகாரி ஒருவர் அதை லென்ஸில் பார்த்துவிட்டு, கத்தி போட்டது யார் என்று கேட்டாராம். எங்கண்ணன், வெளியில் நிற்கிறார் என்றாளாம் இவள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இவ்வளவு சுத்தமாக நட்சத்திரத்தை எடுத்தவரை நாங்கள் பார்த்ததில்லை" என்றாராம். அப்பா வீட்டில் இதைச் சொல்லும்போது வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது. முதலில் தற்காலிகம், பிறகு நிரந்தரம். ஆனி மாதம் அத்தை புறப்பட்ட அன்று நான் வேண்டுமென்றே பள்ளிக்கூடம் போய்விட்டேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பா எப்போதாவது வருத்தப்பட்டார், ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய மதியம், நானும் அத்தையும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு அப்போது எழுபதை ஒட்டி. சீனியவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"அத்த, அன்னைக்கு அப்பா என்கிட்டக் கேட்டாரு. இது என்ன படம்னு. நாந்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்த்தா" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. கேக்கத் தோணலன்னாரு. அம்புட்டுத்தான், கடைசி வரைக்கும்."

"பெறகு எப்படி?"

"அன்னைக்கு ராத்திரி நீ எம்பக்கத்துலதான படுத்திருந்த. எனக்கு ஒறக்கம் வரல. தெரியாதுப்பா, தெரியாதுப்பான்னு நீ பெனாத்த ஆரம்பிச்ச. ஒடம்பு திரும்பக் கொதிச்சுச்சு. அப்பத்தான் வெளங்குச்சு, ஒன்னயக் கேட்டிருக்காகன்னு."

"கோவம் வரலயா?"

"வந்துச்சு." இரண்டு காய் கிள்ளினாள். "எந்திரிச்சுப் போயி, நல்ல தண்ணி ஒரு சொம்பு மோந்துட்டு வந்தேன். ஒன்னய நிமித்தி ஒக்கார வச்சுக் குடுத்தேன். மடமடன்னு முச்சூடும் குடிச்ச. எம்மடியிலயே ஒறங்கிட்ட."

ஹைப்போ வாடை, விசிறியின் பிடி, அப்பாவின் முதுகு, என் காலைச் சுற்றி மண்ணில் போட்ட வட்டம் எல்லாம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. எவ்வளவு முயன்றும் அந்தத் தண்ணீரைக் குடித்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை.